ரெயால், ரிங்கிட், வெள்ளி: ஒரு நாணயத்தின் பெயர்கள்



நம் மாணவர்களுள் காற்பந்தில் ஆர்வமில்லாதவர் சிலரே. 'ரியல் மாட்ரிட்' என்னும் குழுவின் பெயரில் வரும் முதற்சொல்லுக்குப் பொருள் என்னவென்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் தயங்காமல் 'உண்மையான' என்பர். அப்பொருள் அங்குப் பொருந்தாது. ஸ்பானிய மொழியில் அச்சொல்லை 'ரெயால்' என ஒலிப்பர். 'அரசனுக்கு உரிய' என்பதே குழுவின் பெயரில் அதன் பொருள். ஸ்பெயின் மன்னர் பதின்மூன்றாம் அல்ஃபோன்சோ 1920ஆம் ஆண்டில் அக்குழுவிற்கு அந்தப் பட்டத்தை வழங்கினார்.

இதே சொல் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரு வெள்ளி நாணயத்தின் பெயராக விளங்கியது. அந்த நாணயம் உலகைச் சுற்றி வந்தது. சென்ற இடமெல்லாம் அதற்கு வேறு வேறு பெயர் வைத்தார்கள். அப்பெயர்களுள் ஒன்றைத்தான் நாம் நாள்தோறும் கடையில் சொல்லிப் பொருள் வாங்குகிறோம். இன்னொன்றைச் சொல்லலாமா கூடாதா என்பதில் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஒரு சிறு வழக்கே உண்டு. அவ்வழக்கிற்குக் கட்டுரையின் பிற்பகுதியில் வருகிறேன். முதலில் நாணயத்தின் கதையைப் பார்ப்போம்.

அரசனுடைய காசு

இலத்தீன் மொழியில் 'ரெக்ஸ்' என்றால் அரசன். 'ரெகாலிஸ்' என்றால் அரசனுக்குரியது. அச்சொல்லே தேய்ந்து ஸ்பானிய மொழியில் 'ரெயால்' ஆயிற்று. 'பொருள்' எனப் பொருள்படும் 'ரெஸ்' என்னும் வேறோர் இலத்தீன் வேரிலிருந்து வந்த சொல்லும் அம்மொழியில் 'ரெயால்' என்றே ஒலிக்கிறது. அதற்கு 'மெய்யான' என்று பொருள். தோற்றத்தால் வேறான இரு சொற்கள் ஒலியால் ஒன்றாகிவிட்டன. காற்பந்துக் குழுவின் பெயரில் நம் பிள்ளைகள் மயங்குவதற்குக் காரணம் இதுவே. ஒரே வடிவில் பல பொருள் தரும் சொற்களைக் கற்பிக்கும் தமிழாசிரியர்களுக்கு இந்நிலை புதியதன்று.

பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காஸ்டில் நாட்டை ஆண்ட முதலாம் பேத்ரோ ரெயால் என்னும் வெள்ளி நாணயத்தை முதன்முதலில் அச்சிட்டான். அப்போது அதன் மதிப்பு 3 மரவேதி. 'மரவேதி' என்பதும் நல்ல வரலாறுடைய பெயர். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்து ஸ்பெயினின் தென்பகுதியை ஆண்ட அல்-முராபித்துகள் என்னும் முஸ்லிம் மரபினரின் பொற்காசிலிருந்து அது தோன்றியது. ஆண்டவர் போன பின்னும் அவர்கள் பெயர் கிறித்துவ மன்னர்களின் கணக்கேடுகளில் நின்றது.

1497ஆம் ஆண்டில் பெர்டினாண்டும் இசபெல்லாவும் மெதினா தெல் காம்போ என்னும் ஊரில் நாணயச் சீர்திருத்த ஆணை ஒன்றை வெளியிட்டனர். ஏறத்தாழ 230 கிராம் எடையுள்ள ஒரு 'மார்க்கு' வெள்ளியிலிருந்து 67 ரெயால் அடிக்க வேண்டும். ஒரு ரெயாலின் மதிப்பு 34 மரவேதி. நூற்றுக்கு 93 பங்குக்குச் சற்று மேல் தூய வெள்ளி இருக்க வேண்டும் என்று அவ்வாணை வரையறுத்தது. அதன்படி ஒரு ரெயால் 3.4 கிராம் எடை கொண்டது. உள்ளங்கையில் வைத்தால் இருப்பதே தெரியாத சின்னக் காசு அது. உலகை ஆண்டது இச்சின்னக் காசன்று. இதன் எட்டு மடங்கு.

எட்டின் பெயர்

எட்டு ரெயால் மதிப்புடைய பெரிய நாணயம் பதினாறாம் நூற்றாண்டில் புழக்கத்திற்கு வந்தது. எடை 27 கிராமுக்குச் சற்று மேல். ஸ்பானியர் அதனை 'ரெயால் தே ஆ ஓச்சோ' என்றனர். 'எட்டாம் அளவு ரெயால்' என்று அதைப் பெயர்க்கலாம். ஆங்கிலேயர் 'எட்டின் காசு' என்னும் பொருளில் தம் மொழியில் ஒரு பெயர் வைத்துக்கொண்டனர். ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1883இல் நூலாக வெளியிட்ட 'புதையல் தீவு' புதினத்தில் கடற்கொள்ளையனின் கிளி ஓயாமல் கத்துவது அப்பெயரைத்தான். கதையைப் படித்த பலரும் அதை ஏதோ மந்திரச் சொல் என எண்ணிக் கடந்து போயிருப்பர். கிளி ஒப்புவித்தது நாணயக் கணக்கு.

எட்டு என்பதால் அதைப் பாதியாக்கினால் நான்கு. மீண்டும் பாதியாக்கினால் இரண்டு. இன்னும் ஒரு முறை பாதியாக்கினால் ஒன்று. சில்லறைத் தட்டுப்பாடு ஏற்பட்ட இடங்களில் உளியால் நாணயத்தையே துண்டு போட்டுக் கொடுத்தனர். வட அமெரிக்காவில் ஒரு ரெயாலைத் 'துண்டு' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். அதனால் கால் டாலரை 'இரண்டு துண்டு' என்று சொல்லும் வழக்கு அங்குத் தோன்றியது. நியூயார்க் பங்குச் சந்தையில் 1997 வரை விலைகளை எட்டில் ஒரு பங்காகக் கூறிவந்தனர். பின்னர்ச் சில காலம் பதினாறில் ஒரு பங்காக்கி, 2001இல்தான் தசம எண்ணுக்கு முழுமையாக மாறினர். கணித ஆசிரியர்களே, பின்னம் கற்பிக்கும் வாரத்தில் இக்கதையைச் சொல்லிப் பாருங்கள். அரை, கால், அரைக்கால் ஆகிய மூன்றும் ஒரு வட்ட வெள்ளித் தகட்டில் உடனே விளங்கிவிடும்.

1792ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகள் தம் நாணயச் சட்டத்தை இயற்றியபோது, தங்கள் டாலர் புழக்கத்திலுள்ள ஸ்பானிய டாலரின் மதிப்புடையதாக இருக்கும் என்றே எழுதின. ஸ்பானிய நாணயம் 1857 வரை அந்நாட்டில் சட்டப்படி செல்லுபடியாயிற்று. 'டாலர்' என்னும் பெயருக்கும் ஸ்பெயினுக்கும் தொடக்கத்தில் தொடர்பில்லை. இன்றைய செக் குடியரசில் உள்ள ஒரு பள்ளத்தாக்கிற்குப் புனித யோவாக்கிமின் பெயர் வைத்திருந்தனர். 1520ஆம் ஆண்டையொட்டி அங்குக் கிடைத்த வெள்ளியில் அடித்த பெரிய நாணயம் 'யோவாக்கிம்ஸ்தாலர்' எனப்பட்டது. 'தால்' என்றால் ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு. பெயரின் முற்பகுதி உதிர்ந்து 'தாலர்' ஆகி, ஆங்கிலேயர் வாயில் 'டாலர்' ஆகி, அதே பருமனுள்ள ஸ்பானிய நாணயத்திற்கும் ஒட்டிக்கொண்டது.

டாலருக்கு நாம் இடும் குறியும் இந்நாணயத்தோடு உறவுடையதே. நாணயத்திலுள்ள இரு தூண்களே குறியின் இரு கோடுகள் என்பார் உண்டு. ஆயினும் பழைய கணக்கேடுகளை ஆராய்ந்தோர் பலர், 'பேசோ' என்பதைச் சுருக்கி எழுதிய இரண்டு எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து அக்குறி பிறந்தது என்பர்.

மலையும் மனிதரும்

இத்தனை நாணயத்திற்கு வெள்ளி எங்கிருந்து வந்தது? மெக்சிக்கோவில் 1536இல் நாணயச் சாலை வேலை தொடங்கியது. 1545இல் இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி என்னும் இடத்தில் ஒரு மலை முழுவதும் வெள்ளி இருப்பது தெரியவந்தது. அம்மலைக்குச் 'செல்வ மலை' என்று பெயர் வைத்தனர். அதன் அடிவாரத்து நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் கினபாலு மலையின் உச்சி உயரத்தில் ஒரு நகரம் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள்.

அம்மலைக்குள் வேலை செய்தவர்கள் அந்த மண்ணின் பழங்குடி மக்கள். 1570களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ 'மித்தா' என்னும் கட்டாய வேலை முறையை அங்குச் சட்டமாக்கினார். குறிக்கப்பட்ட மாகாணங்களில் வயது வந்த ஆண்களுள் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறை வைத்துச் சுரங்கத்திற்குப் போக வேண்டும். சிலர் பல நூறு கிலோமீட்டர் நடந்தே வந்தனர். மண் சரிவும் தூசியும் வெள்ளியைப் பிரிக்கப் பயன்படுத்திய பாதரசமும் எண்ணற்றோரை மாய்த்தன. அம்முறை ஒழிக்கப்பட்டது 1812இல்தான்.

இங்குச் சற்று நிற்க வேண்டும். 'ரெயால்' என்னும் பெயர் அரசனைச் சொல்கிறது. அப்பெயரில் மலையும் இல்லை, அதைக் குடைந்தவரும் இல்லை. நாணயத்தின் பெயரை விளக்கும் ஆசிரியர், பெயரில் இடம்பெறாதவர்களைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிட வேண்டும் என்பது என் எண்ணம்.

அரசன் பெயர் இருப்பதால் மட்டும் நாணயம் நேர்மையாகிவிடுவதில்லை என்பதற்கும் பொத்தோசி சான்று. 1640களில் அங்கிருந்த நாணயச் சாலையில் வெள்ளியைக் குறைத்து மலிவான உலோகத்தைக் கலந்தனர். செய்தி ஐரோப்பா முழுதும் பரவ, பொத்தோசி நாணயத்தை வணிகர் வாங்க மறுத்தனர். மன்னர் விசாரணை அதிகாரி ஒருவரை அனுப்பினார். 1650இல் முதன்மைக் குற்றவாளிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. புதிய வடிவில் நாணயம் அடித்த பின்னரே நம்பிக்கை மெல்லத் திரும்பியது.

எடையும் வட்டமும்

வணிகர்கள் அரசனின் முத்திரையை விடத் தராசையே நம்பினர். அதற்குக் காரணம் இருந்தது. பழைய ரெயால் நாணயங்களை வெள்ளிக் கட்டியிலிருந்து சீவலாக வெட்டி, எடை சரிபார்த்து, சம்மட்டியால் முத்திரை அடித்தனர். வடிவம் ஒழுங்கற்றது. ஓரத்தைச் சற்றே சுரண்டி வெள்ளியைத் திருடினாலும் கண்டுபிடிப்பது கடினம். எனவே கை மாறும்போதெல்லாம் எடை போட்டனர். அதற்கேற்ப ஸ்பானிய மக்களே இந்நாணயத்தை 'பேசோ' என்றனர். பேசோ என்றால் எடை. நம் முன்னோர் 'கழஞ்சு' என்னும் விதையின் பெயரால் பொன்னை நிறுத்து, அதையே பணத்தின் அளவாகவும் கொண்டதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். மெக்சிக்கோவிலும் பிலிப்பீன்சிலும் இன்றளவும் பணத்தின் பெயர் பேசோவே.

பிலிப்பீன்சுக்கு அது வந்தது கப்பலில். 1565 முதல் 1815 வரை மெக்சிக்கோவின் அக்கபுல்கோ துறைமுகத்திற்கும் மணிலாவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் சென்று வந்தன. வரும்போது வெள்ளி, போகும்போது சீனத்துப் பட்டும் பீங்கானும். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளும் மணிலாச் சந்தைக்குச் சென்றன; அவற்றுக்கு விலையாக மெக்சிக்க வெள்ளி சென்னைக்குத் திரும்பியது.

சீனர்கள் இந்நாணயத்தின் வட்ட வடிவைக் கண்டு 'வட்டம்' எனப் பொருள்படும் சொல்லால் குறித்தனர். சீனத்தின் யுவான், ஜப்பானின் யென், கொரியாவின் வொன் ஆகிய மூன்றும் வட்டம் என்னும் அந்த ஒரே சொல்லின் வெவ்வேறு ஒலிப்புகள். மேற்கே அரபு நாடுகளில் 'ரெயால்' என்பதே 'ரியால்' ஆயிற்று. சவூதி, ஓமான், கத்தார், ஏமன், ஈரான் ஆகிய நாடுகளின் பணத்திற்கு இன்று அதுவே பெயர். வளைகுடாவில் உழைத்துத் தமிழகத்திற்கு ரியால் அனுப்பும் தொழிலாளி, காஸ்டில் நாட்டு மன்னனின் காசுப் பெயரை அறியாமலே சொல்கிறார். பிரேசில் நாடும் 1994 முதல் தன் பணத்தை இதே பெயரால் அழைக்கிறது.

ஓரத்தைப் பார்த்தவர்கள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1732இல் மெக்சிக்கோ நாணயச் சாலையில் இயந்திரத்தால் அச்சிடும் முறை வந்தது. சீரான வட்டம், ஒரு பக்கம் அரச முத்திரை, மறுபக்கம் கடலலை மேல் இரண்டு உலக உருண்டைகள், இருமருங்கிலும் முடி சூடிய இரு தூண்கள். மத்தியதரைக் கடலின் வாயிலில் இருப்பதாகப் பழங்கதை கூறும் எர்க்குலிசின் தூண்கள் அவை. அத்தூண்களில் சுற்றிய நாடாவில் 'இன்னும் அப்பால்' எனப் பொருள்படும் இலத்தீன் சொற்கள் இருக்கும். யாவற்றினும் முக்கியமானது, நாணயத்தின் விளிம்பு முழுவதும் வரிவரியாகச் செதுக்கிய வேலைப்பாடு. யாரேனும் ஓரத்தைச் சுரண்டினால் அவ்வேலைப்பாடு சிதைந்து திருட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

மலாய் மொழியில் 'ரிங்கிட்' என்னும் சொல்லுக்குப் பழைய பொருள், பல் பல்லாக வெட்டுண்ட ஓரம் என்பது. ஸ்பானிய வெள்ளி நாணயத்தின் ஓரத்தைக் கண்டு மலாய்க்காரர்கள் அதற்கு இட்ட பெயரே 'ரிங்கிட்'. ஸ்பானியர் பெயரில் அரசனும் எடையும் உள்ளன. சீனர் பெயரில் வட்டம் உள்ளது. மலாய்ப் பெயரில் இருப்பது விளிம்பு. வாங்கும் கை முதலில் தடவிப் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. ஓரம் முழுமையாக இருந்தால் வெள்ளி குறையவில்லை என்று பொருள். துறைமுகச் சந்தையில் பேரம் பேசிப் பழகிய மக்கள் வைத்த பெயர் என்பதை அது உணர்த்துகிறது.

மலாய்க்காரர்களின் கூர்ந்த பார்வை அத்துடன் நிற்கவில்லை. தூண்கள் பொறித்த ஸ்பானிய நாணயத்தை 'ரிங்கிட் மெரியாம்' என்றனர். மெரியாம் என்றால் பீரங்கி. நிமிர்ந்து நின்ற இரு தூண்கள் பீரங்கிக் குழாய்களாகத் தோன்றின. வியப்பு என்னவெனில், அரேபியரும் அதே தூண்களைப் பீரங்கி என்றே கண்டு பெயரிட்டனர். 1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றுக் கழுகு பொறித்த நாணயத்தை வெளியிட்டதும், அது இங்கு 'ரிங்கிட் புரோங்', அதாவது பறவை ரிங்கிட் ஆயிற்று.

இம்மண்ணின் வரலாற்றுத் திருப்பங்களில் இந்நாணயம் இடம்பெற்றுள்ளது. பினாங்குத் தீவிற்காகக் கெடா சுல்தானுக்கு ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலர் தருவதாக 1791ஆம் ஆண்டு உடன்படிக்கை கூறியது. 1800இல் எதிர்க்கரை நிலமும் சேர்ந்தபோது தொகை 10,000 ஆயிற்று. மலேசியா உருவான பின்னரும் அந்த 10,000 என்னும் எண் மாறாமல் ரிங்கிட்டாகக் கெடாவுக்குப் பல்லாண்டு சென்றது. சிங்கப்பூரில் 1819 பிப்ரவரி 6ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையில் சுல்தான் உசேனுக்கு ஆண்டுக்கு 5,000, தெமெங்கோங்கிற்கு 3,000 என எழுதியதும் ஸ்பானிய டாலரில்தான். கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய ரூபாயை இங்குச் சட்ட நாணயமாக்க முயன்றது. வணிகர்கள் டாலரை விடவில்லை. 1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் இந்தியாவின் ஆட்சியிலிருந்து பிரிந்தபோது ரூபாய் விலகி டாலர் நிலைத்தது. 1903இல் இங்குக்கென்றே தனி வெள்ளி டாலர் வெளிவந்தது.

1967இல் மலேசிய மத்திய வங்கி தன் பணத்தாளை வெளியிட்டது. 1975இல் 'ரிங்கிட்', 'சென்' என்பன அதிகாரப்பூர்வப் பெயர்களாயின. 1993இல் டாலர் குறி நீங்கி, மலேசிய ரிங்கிட்டைக் குறிக்கும் இன்றைய எழுத்துக்குறி வந்தது. ஒரு ரிங்கிட் உலோக நாணயம் 2005ஆம் ஆண்டின் இறுதியில் செல்லாததாயிற்று. இன்று நம் கையில் இருக்கும் ஒரு ரிங்கிட், வழவழப்பான நெகிழித் தாள். பெயரில் மட்டும் இருநூறு ஆண்டுக்கு முந்திய நாணயத்தின் கரடுமுரடான ஓரம் இருக்கிறது.

வெள்ளி வழக்கு

முதலில் சொன்ன வழக்கிற்கு வந்துவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் பெற்றோர் சந்திப்பு நாளன்று ஒரு தாயார் தம் மகனின் கட்டுரை ஏட்டைக் கொண்டுவந்தார். "தாத்தா எனக்கு ஐந்து வெள்ளி கொடுத்தார்" என்று அவன் எழுதியிருந்தான். திருத்தியவர் 'வெள்ளி' என்பதை அடித்துவிட்டு மேலே 'ரிங்கிட்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அதனால் அந்த அம்மையாருக்குக் கோபமில்லை. வீட்டில் நடந்ததுதான் அவரை வருத்தியது. பையன் அன்று மாலையே தாத்தாவைத் திருத்தத் தொடங்கிவிட்டான். "வெள்ளி இல்ல தாத்தா, அது தப்பு, ரிங்கிட்டுன்னு சொல்லுங்க" என்றானாம். தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்த பெரியவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். அதன்பின் பேரனிடம் காசு பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டாராம்.

"டீச்சர், எங்கப்பா ஆயுசு முழுக்கச் சொன்ன சொல்லு தப்பா?" என்று அவர் கேட்டார்.

அன்று அவரிடம் சுருக்கமாகச் சொன்னதை இங்கு விரிவாகச் சொல்கிறேன். அச்சொல் தவறன்று. நம் முன்னோர் இந்நாட்டிற்கு வந்தபோது அவர்களுக்குத் தெரிந்த பணம் ரூபாய். இங்கு அவர்கள் கண்டதோ வேறொரு பெரிய வெள்ளி நாணயம். ஆங்கிலேயர் டாலர் என்றனர். மலாய்க்காரர் ரிங்கிட் என்றனர். நம்மவர் அது எதனால் ஆனதோ அதையே பெயராக்கி 'வெள்ளி' என்றனர். சில்லறைக்குத் தம் பழைய சொல்லாகிய 'காசு' என்பதையே வைத்துக்கொண்டனர். ரிங்கிட் என்னும் பெயர் எவ்வாறு பிறந்ததோ அவ்வாறே வெள்ளியும் பிறந்தது. ஒரே நாணயத்தை இரு இனத்தார் இரு கோணத்தில் பார்த்தார்கள், அவ்வளவே.

இன்னும் ஒரு செய்தி உண்டு. பொத்தோசி மலை இருக்கும் தென் அமெரிக்க நாடுகளில் பொதுமக்கள் இன்றும் பேச்சு வழக்கில் பணத்தைப் 'பிளாத்தா' என்கின்றனர். ஸ்பானிய மொழியில் பிளாத்தா என்றால் வெள்ளி. வெள்ளி வெட்டியெடுக்கப்பட்ட மண்ணின் மக்களும், அவ்வெள்ளி வந்து சேர்ந்த தொலைதூரக் கரையில் கூலி வாங்கிய நம் மக்களும், ஒருவரையொருவர் அறியாமல் பணத்திற்கு ஒரே பொருளுடைய பெயரைச் சொன்னார்கள். கூலிக்கு உழைத்தவர் கண்ணுக்கு அரசனின் முத்திரையை விட உலோகமே பெரிதாகத் தெரிந்திருக்கும் என எண்ணத் தோன்றுகிறது.

சிங்கப்பூரில் தமிழ்ச் செய்திகளில் 'வெள்ளி' இன்றும் முறையான சொல். அங்கு ஒரு மில்லியன் வெள்ளி என்று செய்தியாளர் வாசிக்கையில் யாரும் அதைக் கொச்சை என்பதில்லை. பாலத்திற்கு அப்பால் செம்மையாக இருக்கும் சொல் இப்பால் வந்ததும் பிழையாகிவிடுமா?

அதே வேளையில் சிவப்பு மை வைத்தவரின் பக்கமும் ஒரு நியாயம் உள்ளது. நம் நாட்டுப் பணத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் ரிங்கிட். பாடநூலிலும் தேர்வுத் தாளிலும் அதுவே உள்ளது. கணிதத் தாளில் ஒரு பிள்ளை 'வெள்ளி' என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டியதில்லை. மேலும், வெள்ளி என்பது உலோகம், கிழமை, வானத்துக் கோள் என்று வேறு பொருள்களையும் தருவதால் சின்னஞ்சிறு மாணவர்கள் குழம்பலாம். ஆகவே ரிங்கிட்டைக் கற்பிப்பது நம் கடமை. அதைக் கற்பிக்கும்போது வெள்ளியைப் பிழை என்று சொல்லத் தேவையில்லை என்பதே நான் வலியுறுத்துவது. 'வீட்டிலும் கதையிலும் இவ்வாறு சொல்வோம், கணக்கிலும் கடிதத்திலும் இவ்வாறு எழுதுவோம்' என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்கும் புரியும். மேற்சொன்ன கட்டுரையில் பேசப்படுவது தாத்தா கொடுத்த பணம். அங்கு 'வெள்ளி' என்பதே இயல்பான சொல்.

வகுப்பில் செய்யத்தக்கவை

நான் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதை இரண்டு பாடவேளைகளில் நடத்துகிறேன். முதல் வேளையில் கரும்பலகையில் ஒரு பெரிய வட்டம் வரைந்து தூண், உருண்டை, ஓரம் ஆகியவற்றைக் குறிப்பேன். நாணயத்தின் எந்தக் கூறிலிருந்து எந்தப் பெயர் வந்தது என்று மாணவர்களையே கோடிட்டு இணைக்கச் சொல்வேன். எடையிலிருந்து பேசோ, வட்டத்திலிருந்து யுவான், ஓரத்திலிருந்து ரிங்கிட், உலோகத்திலிருந்து வெள்ளி. ரெயாலுக்கு வரும்போது அரசனை எங்கே கண்டுபிடிப்பது எனத் திகைப்பார்கள். முத்திரையைக் காட்டினால் முகம் மலரும். டாலர் மட்டும் எந்தக் கூறோடும் இணையாது. அதற்காக உலக வரைபடத்தை எடுத்துப் பள்ளத்தாக்கைத் தேட வேண்டியிருக்கும்.

இரண்டாம் வேளைக்கு முன் ஒரு வீட்டுப்பாடம். வீட்டிலுள்ள மூத்தவர்களிடம், அவர்கள் சிறு வயதில் பணத்தையும் சில்லறையையும் என்னென்ன பெயரால் அழைத்தார்கள், முதல் சம்பளம் எத்தனை வெள்ளி, அதில் என்ன வாங்கினார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். மறுநாள் ஏடுகளைப் படிக்கும்போது, பாடநூலில் கிடைக்காத சொற்கள் பல கிடைக்கும்.

அந்தப் பையனின் ஏட்டிலும் இப்பாடம் இருக்கிறது. தாத்தா சொல்லச் சொல்ல எழுதிய நான்கு பக்கங்கள் அவை. முதல் வரியிலேயே 'வெள்ளி' வருகிறது. அதன் கீழ் இப்போது சிவப்புக் கோடு இல்லை. அடைப்புக்குறிக்குள் அவனே தன் கையால் 'ரிங்கிட்' என எழுதி வைத்திருக்கிறான்.

பெற்றோர்களே, உங்கள் வீட்டில் பணத்திற்கும் சில்லறைக்கும் வேறு பெயர்கள் வழங்கினால் எனக்கு எழுதுங்கள். தொகுத்து வைக்க விரும்புகிறேன்.